அம்மாவின் மிஷினும் காந்தி சொன்ன கதையும்

எங்கள் வீட்டுத் தையல் மிஷினில் ஊசி ஒடிவது எப்போதும் போர்வை தைக்கும்போதுதான். ஜாக்கெட் தைக்கும்போது ஒடியாது. பாவாடைக்கு ஓரம் அடிக்கும்போது ஒடியாது. வருஷத்துக்கு ஒருமுறை, தைக்க வந்த துணியெல்லாம் கொடுத்து முடித்த ஓய்ந்த நாளில், அம்மா பழைய சேலைகளை நாலாக மடித்துப் போர்வை தைக்க உட்காருவாள். மடிப்பும் மடிப்பும் சேர்கிற மூலைக்கு வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். ஒடிந்த முனையைத் தரையில் தேடிப் பொறுக்கிக்கொண்டே அம்மா சொல்வாள்:

"இது ஊரார் துணின்னா ஓடும் தாயி. நம்ம வீட்டுத் துணின்னா படுத்துக்கிடும்."

அது வெறும் அலுப்பில் வருகிற பேச்சு என்று பல வருஷம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தையல் மிஷினைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட கதைகளுக்கு எங்கள் வீட்டிலிருந்து வந்த முதல் விமர்சனம் அதுதான். அம்மாவின் அந்த இரண்டு வரியை எடுத்து வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சொன்ன கதைகளைச் சரிபார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் மிஷின் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா வீட்டைவிட்டுப் போனார். அந்த வருஷமே கோவில்பட்டியில் கடையை மூடிய ஒரு டெய்லரிடம் அம்மா பழைய மிஷினைத் தவணைக்கு வாங்கினாள். விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் அதை இறக்கி, ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். என் பள்ளிக்கூடக் கட்டணம், விடுதிக் கட்டணம், தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அந்த மிதிப்பலகையிலிருந்துதான் வந்தது. அதனால் மிஷினைப் பழித்து எழுத எனக்கு வாய் வராது. பழிக்கவும் இல்லை. அது எங்களுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்க மறுத்தது என்ற இரண்டு கணக்கையும் ஒரே நோட்டில் எழுதிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

காந்தி சொன்ன கதைக்கு வருவோம். 1924ல் சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் அவரைச் சந்தித்து, நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்கிறார். அந்த மாணவர்தான் பின்னாளில் டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன். உரையாடல் அந்த நவம்பரில் 'யங் இந்தியா'வில் வந்தது. இயந்திரத்தின் மீதான பித்தைத்தான் எதிர்க்கிறேன் என்று விளக்கிய காந்தி, விதிவிலக்காக ஏற்றுக்கொண்ட பொருள் சிங்கர் தையல் மிஷின். அதற்கு அவர் சொன்ன காரணம் ஒரு காதல் கதை. மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைப் பார்த்த சிங்கர், அவள் மீதிருந்த அன்பினால் அவளது உழைப்பைக் குறைக்க மிஷினை உருவாக்கினாராம்.

ஐசக் சிங்கரின் வரலாறு வேறு. 1850ல் அவர் பாஸ்டன் நகரில் ஒரு பட்டறைக்குப் போனபோது அங்கே வேறொருவர் வடிவமைத்த தையல் மிஷின்கள் பழுதுபார்க்க வந்து கிடந்தன. அவற்றின் குறைகளைப் பார்த்தார், திருத்தினார், 1851ல் காப்புரிமை வாங்கினார். நடிகராக அலைந்து நொடித்துப் போயிருந்த மனிதருக்கு அப்போது தேவைப்பட்டது பணம். முதல் மனைவி உயிரோடிருக்க வேறு பெண்களோடும் குடும்பம் நடத்தியவர். அவருக்கு 20க்கும் மேற்பட்ட குழந்தைகள். ஊசியின் காதை முனைப்பக்கம் வைக்கிற வழிக்கு 1846லேயே காப்புரிமை பெற்றிருந்த எலியாஸ் ஹோவ், சிங்கர் மீது வழக்குப் போட்டு ஜெயித்தார். இந்தக் கதையில் வழக்கு இருக்கிறது, காப்புரிமை இருக்கிறது, லாபம் இருக்கிறது. சலித்துப்போன மனைவியை மட்டும் காணவில்லை.

காந்தி கேள்விப்பட்டதைத்தான் சொன்னார். அவரைத் தப்பு கண்டுபிடிப்பது என் நோக்கமில்லை. இந்தக் கதை அவ்வளவு எளிதாக நம்பப்பட்டது ஏன் என்பதுதான் என் கேள்வி. பெண்ணின் கைக்கு ஒரு கருவி வந்தால், அது யாரோ ஒரு ஆண் அன்பினால் கொடுத்த பரிசாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. பரிசு வாங்கியவள் நன்றி சொல்ல வேண்டும். பரிசைப் பிரித்து உள்ளே பார்ப்பது மரியாதை இல்லை.

அதே சமயம், காந்தியை விடாமல் ராமச்சந்திரன் கேட்ட அடுத்த கேள்வி முக்கியமானது. அந்த மிஷினைச் செய்யப் பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்றார். ஆமாம், அது அரசின் கையில், தொழிலாளிக்கு நல்ல நிலைமைகளோடு நடக்க வேண்டும் என்றார் காந்தி. ஆக, காதல் கதையிலிருந்து ஒரே கேள்வியில் கூலிக்கு வந்துவிட முடிகிறது. கேட்க ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்தப் பரிசை அரசே கொடுக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் 1975-76ல் தொடங்கியது. கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் விண்ணப்பிக்கலாம். வயது 20 முதல் 40 வரை. ஆண்டு வருமானத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். இந்தத் திட்டத்தால் நிமிர்ந்த குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். தலித் அரசியலில் இருந்து எழுந்து அமைச்சரானவர், 1974ல் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக் கட்சியே தொடங்கியவர் பெயரில் அது இருப்பதும் பொருத்தம்.

ஆனால் திட்டத்தின் விதிகளை ஒரு பிரதியாகப் படித்துப் பாருங்கள். விண்ணப்பிக்கிற பெண் தன்னிடம் இல்லாததை எல்லாம் நிரூபிக்க வேண்டும். புருஷன் இல்லை, வருமானம் இல்லை. அவளிடம் இருக்கிற ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: தைக்கத் தெரியுமா? மிஷினைத் தெரியுமா என்று கேட்பதில்லை. இரண்டும் ஒன்றல்ல. சினிமாவும் இதையேதான் காட்டியது. புருஷனை இழந்த தாய் விளக்கு வெளிச்சத்தில் மிஷின் மிதிப்பாள், அடுத்த காட்சியில் மகன் பெரியவனாகி நிற்பான். எண்ணெய் போடும் தாயை, நூல் சிக்கிக்கொண்டு திட்டும் தாயை, பெல்ட் அறுந்து அன்றைய கூலியை இழந்த தாயை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

நானும் கல்லூரி விடுமுறையில் ஒரு தையல் வகுப்பில் சேர்ந்தேன். அளவு நோட்டு, காகித வெட்டு, ஹெம்மிங், காஜா எல்லாம் கற்றேன். டென்ஷன் திருகைத் தொடக்கூடாது என்பது வகுப்பின் முதல் விதி. வீட்டில் மிஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் அண்ணாச்சி வருவார். அவர் முதுகை எங்கள் பக்கம் திருப்பி உட்கார்ந்து வேலை பார்ப்பார். ஒருமுறை அம்மா பக்கத்தில் போய் நின்று, என்ன திருகுகிறீர்கள் என்று கேட்டாள். "இதெல்லாம் ஒங்களுக்கு எதுக்குக்கா, நான் இருக்கேம்லா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பல தடவை கடன் சொல்லியிருக்கிறோம், பொறுத்துக்கொண்டார். ஆனால் அவர் வரும்வரை இரண்டு நாளோ மூன்று நாளோ மிஷின் சும்மா கிடக்கும். அந்த நாட்களின் கூலி யார் கணக்கிலும் ஏறாது.

கூலி எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்திலேயே ஓட்டப்பிடாரம் பக்கம் புதியம்புத்தூர் இருக்கிறது. ஆயத்த ஆடைத் தொழிலால் குட்டித் திருப்பூர் என்று பெயர் வாங்கிய ஊர். வெட்டிய துணி கட்டுக்கட்டாகப் போகும், தைத்த உருப்படிகளாகத் திரும்பும். பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். எங்கும் உருப்படிக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு. அம்மாவும் கட்டுத்துணி வாங்கித் தைத்தாள். நூல், ஊசி, எண்ணெய், மெக்கானிக் செலவு அவளுடையது. மிஷின் வீட்டில் இருந்ததால் முதலாளி மிஷின் வாங்க வேண்டியதில்லை. கரண்டும் இடமும் தர வேண்டியதில்லை. 1867ல் வந்த 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் தையல் மிஷினுக்கு ஒரு முக்கிய இடம் கொடுக்கிறார். அங்கே அன்பு மனைவி வரவில்லை, கூலிக்குத் தைக்கும் பெண்கள் வருகிறார்கள். 'ஊரார் துணின்னா ஓடும்' என்று அம்மா சொன்னதும் இதைத்தான்.

சரி, நம்ம வீட்டுத் துணி?

எங்கள் வீட்டில் அந்தப் போர்வைக்குத் தனிப் பெயர்கூடக் கிடையாது. கீழே போட்டால் விரிப்பு, மேலே போட்டால் போர்வை. வங்காளத்தில் கந்தா, பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி என்று பெயர் பெற்றவை கண்காட்சிக்கும் கடைக்கும் போய்விட்டன. நம்மிடம் மிஞ்சியிருப்பது கந்தை என்கிற சொல். அதற்கும் வசவுத் தொனி வந்துவிட்டது.

விளாத்திகுளம் வெயிலுக்குப் பேர்போன ஊர். இங்கே எதற்குப் போர்வை என்று வெளியூர்த் தோழிகள் கேட்பார்கள். மாசியில் வத்தல் களத்தில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தால் தெரியும். பகலெல்லாம் கொதிக்கிற கரிசல் விடியும்போது சில்லென்று கிடக்கும். காயப் போட்ட மிளகாய்க்குக் காவல் இருக்க வேண்டும். பனி இறங்கும். பிள்ளை பெற்று வந்தவளுக்குச் சிமெண்டுத் தரையில் விரிக்க, கிழவிகளின் இடுப்புக்கு அடியில் போட, இது வேண்டும். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த காடு இது. பருத்தி எடுத்த பெண்களுக்குப் பஞ்சு மெத்தை இருந்ததில்லை, பழஞ்சேலைதான் மெத்தை. அந்தச் சேலையிலும் பாதி சொந்தச் சேலை இல்லை. பாட்டி தைத்த போர்வையில் பண்ணை வீட்டம்மா உடுத்திக் கழித்த சேலைகள் இருந்தன. களையெடுத்த கூலியோடு கொடுத்தவை. கரையைப் பார்த்தே இது எந்த வீட்டுச் சேலை என்று பாட்டி சொல்வாள். போர்வையை இதமான நினைவாக மட்டும் எழுத எனக்குள்ள தயக்கம் இதனால்தான்.

பாட்டி கையாலேயே நூலோட்டம் போட்டாள். அம்மா மிஷினில் தைக்க ஆசைப்பட்டாள். அங்கேதான் ஊசி ஒடிந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு வேலைக்குப் போய், சொந்தமாக ஒரு திருப்புளி வாங்கும்வரை ஆனது. ஒரு பொங்கல் விடுமுறையில் மிஷினைச் சாய்த்துப் போட்டுத் தட்டைக் கழற்றினேன். துணியைத் தள்ளுகிற பற்களுக்கு நடுவே வருஷக்கணக்கான பஞ்சுத் தூசி கெட்டித்துப்போய்க் கிடந்தது. ஹேர்பின்னால் குத்தி எடுத்தேன். அம்மா பதறினாள்: "பிரிச்சிட்டேயே, திரும்பப் பூட்டத் தெரியுமா?" தெரியாது. மதியம்வரை ஆனது. பூட்டினேன்.

அப்போது கற்றதை இங்கே எழுதுகிறேன், வாசிக்கிறவர்களில் யாருக்காவது பயன்படும். சாதாரண வீட்டு மிஷின் இரண்டு மூன்று மெல்லிய துணிகளை எண்ணிச் செய்யப்பட்டது. நாலு சேலையின் ஓரங்களை உள்ளே மடித்தால், மூலையில் அது பத்துப் பதினாறு அடுக்காகிவிடும். 14ஆம் நம்பர் ஊசி அங்கே வளைந்து, தட்டில் மோதி ஒடிகிறது. 18ஆம் நம்பர் ஊசி வேண்டும். மூலை வந்ததும் மிதிப்பதை நிறுத்திச் சக்கரத்தைக் கையால் உருட்ட வேண்டும். அடுத்து, மிஷின் பற்கள் அடித்துணியை மட்டும்தான் பிடித்துத் தள்ளும். மேலே அழுத்துகிற பாதம் மேல்துணியைத் தடுக்கும். அதனால்தான் கடைசியில் மேல் சேலை மிஞ்சிச் சுருக்கம் விழுகிறது. பாதத்தின் அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, தையல் நீளத்தைக் கூட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைக்க வேண்டும். அதற்கு முன்னால் எல்லா அடுக்கையும் கையால் பெருந்தையல் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விஷயம் பாட்டிக்குத் தெரியும். நாங்கள்தான் மிஷின் வந்த பிறகு அதை விட்டுவிட்டோம். சேலையும் மாறிவிட்டது. நூல்சேலை அடுக்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சின்தட்டிக் சேலை வழுக்கும், தையல் விட்டுவிட்டு விழும், படுத்தால் வேர்க்கும். இப்போது அம்மா பழைய நூல் நைட்டிகளைத்தான் உள்ளே வைக்கிறாள்.

இன்னொன்று. அடியில் நூல் பந்து பந்தாகச் சுற்றிக்கொண்டால் நாம் முதலில் பழிப்பது பாபினை. பெரும்பாலும் பாபின் மீது குற்றம் இருக்காது. மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்குள் சரியாக உட்காராததால் அது தளர்ந்து கீழே போய்க் குவிகிறது. கோளாறு தெரிவது கீழே, காரணம் மேலே. ஒரு பெண்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சமூகத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று கைதட்டினார்கள். நான் நூலைப் பற்றித்தான் சொன்னேன். ஆனாலும் அவர்கள் கைதட்டியது தப்பில்லை.

பெண்ணிய விமர்சனத்தில் போர்வைக்கு ஏற்கெனவே ஒரு இடம் உண்டு. அதில் எனக்கு மிக நெருக்கமானது அமெரிக்காவின் அலபாமாவிலுள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊர். அந்த வட்டாரத்துக்குக் கரும்பட்டை என்ற பெயர் வந்தது முதலில் அதன் கறுத்த மண்ணால்; நம் கரிசல் மாதிரியே பருத்தி விளைந்த மண். அடிமைகளாக அங்கே கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழிவந்த பெண்கள், நைந்துபோன வேலையுடுப்புகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைத்தார்கள். 1966ல், வாக்குரிமைப் போராட்டத்தின் சூட்டில், அந்தப் பகுதிப் பெண்கள் கூட்டுறவாகப் போர்வை தைத்து விற்கத் தொடங்கினார்கள். 2002ல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் ஓவியம் மாதிரித் தொங்கின. 2006ல் தபால்தலை வந்தது. 2007ல் அவர்களில் சிலர், தங்கள் போர்வைகளால் வந்த வருமானத்தில் உரிய பங்கு தரப்படவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். மறு வருஷம் அது தீர்ந்தது.

நம் மாணவிகள் அந்தப் போர்வைகளின் படத்தைப் பார்த்து வியந்துவிட்டு, பாட்டியின் போர்வையையும் கலை என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் அந்த வழக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கலை என்று பெயர் கொடுப்பதும் ஒருவகைப் பரிசாகிவிடலாம். மிஷினைக் கொடுத்து, பிரிக்காதே என்பது போல, சுவரில் மாட்டிவிட்டு, கணக்குக் கேட்காதே என்று ஆகிவிடும்.

எனக்கு வேண்டியது எளிமையானது. மிஷின் கொடுக்கிற இடத்தில் ஒரு திருப்புளியும், ஒரு எண்ணெய்ப் புட்டியும், பல நம்பர் ஊசிகளும், அதைக் கழற்றி மாட்டச் சொல்லித்தர ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். தையல் வகுப்புத் தேர்வில் ஜாக்கெட் வெட்டச் சொல்வது போல, பற்களைச் சுத்தம் செய்து பூட்டவும் சொல்ல வேண்டும். உருப்படிக் கூலி பேசும்போது மிஷின் சும்மா கிடந்த நாளும் பேச்சில் வர வேண்டும். ஒரு பெண் தன் மிஷினைத் தன் வீட்டுப் போர்வைக்கும் வளைக்க முடிந்தால்தான் அது அவளுடையது. அதுவரை அது அவள் வீட்டில் நிறுத்தப்பட்ட யாருடைய மிஷினோ.

அம்மாவுக்கு இப்போது கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஊசியில் நூல் கோர்ப்பதில்லை. போன சித்திரையில் அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கைப்பிள்ளைக்காரி. மிஷின் அடியில் நூல் சுற்றிக்கொள்கிறது, மெக்கானிக்கை வரச்சொல்லிப் போன் நம்பர் வேண்டும் என்றாள். அம்மா நம்பர் கொடுக்கவில்லை. என்னிடமிருந்து திருப்புளியை வாங்கி அவள் கையில் கொடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினாள். "ஒடஞ்சிராது தாயி, இரும்புதான்" என்று சொல்லிக்கொண்டே போனது திண்ணைவரை கேட்டது.